முதல் வார்த்தை ஜெனிட்டாவுக்கு

கடலுக்குள் நிற்கிற காற்றாலைக் கோபுரங்களில் ஏறுவதுதான் என் பிழைப்பு. இருபத்தாறு வருடம் ஏறியிருக்கிறேன். அதில் பதினோரு வருடம் ஃபோர்மேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, வேதமுத்து ஆள் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். “அண்ணாச்சியா? ஆளுகளைக் கேக்காம ஒரு நட்டைக்கூடக் கழத்த மாட்டாரு” என்பார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். இப்போது அதே பேச்சு எங்காவது காதில் விழுந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லும்போது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எங்காவது வளைத்தால், படிக்கிறவர்கள் காறித் துப்பட்டும்.

ஆபத்தான வேலைகளில் தலைவன் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கக் கூடாது, குழுவில் எல்லாரையும் கேட்ட பிறகு எடுக்கிற முடிவுதான் செல்லும் என்று சட்டம் வந்தபோது மற்ற ஃபோர்மேன்கள் முகத்தைச் சுளித்தார்கள். “இனிமே ஸ்க்ரூ திருகவும் ஓட்டெடுப்பு நடத்தணுமாக்கும்” என்று நக்கல் வேறு. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சட்டம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே நான் ‘சுற்று’ நடத்திக்கொண்டிருந்தவன்.

சுற்று என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை ஏழு மணிக்கு, படகு ஏறுமுன், படகுத்துறை ஜெட்டியில் ஐந்து பேரும் வட்டமாக நிற்போம். ஃபிளாஸ்க்கைத் திறந்து நானே என் கையால் எல்லாருக்கும் டீ ஊற்றுவேன். ஃபோர்மேனே ஊற்றிக் கொடுத்தால் ஆட்களுக்கு வாய் திறக்கும் என்பது என் எண்ணம். முதல் வார்த்தை எப்போதும் ஜெனிட்டாவுக்கு. குழுவில் அவள் ஒருத்திதான் பெண். பாதுகாப்புப் பொறுப்பும் அவளுடையது. “சொல்லு தாயி” என்று ஆரம்பித்து வைப்பேன். அடுத்து மைதீன், வயதில் சின்னவன். அதற்கப்புறம் படகோட்டி ரொசாரி. கடைசியாகச் சுடலைமணி, எனக்கு அடுத்தபடி அனுபவசாலி. எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் நான் முடிவைச் சொல்வேன். இதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது. மற்ற குழுக்களுக்குப் பாடம் எடுக்கவும் அனுப்பியது. “பொம்பளைப் பிள்ளைய மொதல்ல பேச விடுங்கப்பா, கடைசிக்கு விட்டா அது வாயே திறக்காது” என்று மேடையில் நின்று முழங்கியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

பிறகு செவிமானி வந்தது. ஹெல்மெட்டுக்குள் நெற்றியோடு ஒட்டி நிற்கிற ஒரு பட்டை, அவ்வளவுதான். தலைவன் நிஜமாகவே குழுவைக் கேட்கிறானா என்று அது பார்த்து வைத்துக்கொள்ளும் என்றார்கள். விபத்து நடந்தால் ஒழிய அந்தப் பதிவை யாரும் திறக்கக் கூடாது, மாட்டிக்கொண்டவனுக்கே காட்டமாட்டார்கள். சோதனைக்கு யார் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது துறைமுகத்திலேயே முதலில் கையைத் தூக்கியவன் இந்த வேதமுத்து.

அது மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆடியில் ஒரு வியாழக்கிழமை. சுடலைமணி கோவில்பட்டியில் மகளுக்கு வளைகாப்பு என்று லீவில் போயிருந்தான். மற்ற நாலு பேரும் சுற்று நடத்தினோம். பதினேழாம் கோபுரத்தின் உச்சியில் ஒரு எண்ணெய்க் குழாய் மாற்ற வேண்டும். கேட்டேன், பேசினார்கள், “சரி, ஏறலாம்” என்றேன். கோபுரத்துக்குள் ஆள் ஏறி இறங்க ஒரு சின்ன லிஃப்ட் உண்டு. மத்தியானம் மைதீன் கருவிப்பெட்டியோடு அதில் இறங்கி வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. மூன்று மாடி உயரத்திலிருந்து, கயிறு அறுந்த வாளி மாதிரி வந்து அடித்தளத்தில் மோதியது. கதவை நெம்பித் திறந்தவன் நான்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. மைதீனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் நினைவே இல்லாமல் கிடந்தான்.

இரண்டாம் நாளே அரசாங்க விசாரணை அதிகாரி வந்துவிட்டார். தில்லைநாயகி என்று பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிற, குரல் உயராத அம்மா. அவர் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி: ‘வேலை தொடங்குமுன் எச்சரிக்கை ஏதும் வந்ததா?’ நான் எழுதினேன்: ‘இல்லை. அனைவரையும் கேட்டேன். அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்.’ கையெழுத்தும் போட்டேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஜெனிட்டா மட்டும், “லிஃப்ட் பிரேக் சரியில்லன்னு நான் சுத்துல சொன்னேன்” என்று சொல்லியிருக்கிறாள். ரொசாரி படகு இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றுவிட்டான். மைதீனோ பேசுகிற நிலையில் இல்லை. மிச்சம் இருந்தது என் வார்த்தை. எச்சரிக்க வேண்டியது அவள் பொறுப்பு. எச்சரிக்கை வரவில்லை என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே தவறு அவளுடையது. அவளை இடைநீக்கம் செய்தார்கள். ஏறும் உரிமத்தையே ரத்து செய்யப்போவதாக நோட்டீஸும் கொடுத்தார்கள். உரிமம் போனால் எந்தக் கடலிலும் எந்தக் கோபுரத்திலும் அவள் கால் வைக்க முடியாது. பதினாலு வருடம் ஏறிய பெண்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்காக நான் பரிந்து பேசினேன். “சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்கவ மேடம். பயத்துல என்னமோ சொல்லுதா. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க” என்றேன். பெரிய மனுஷத்தனமாம். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் என் ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் ஒற்றைத் தாள்.

“உக்காருங்க வேதமுத்து. செவிமானியைத் திறந்தாச்சு” என்றார்.

“நல்லது மேடம். எல்லாரையும் கேட்டேனா இல்லையான்னு அதுவே சொல்லிரும்.”

“கேட்டிருக்கீங்க. ஆறு மாசத்துல நூத்திப் பதினாலு சுத்து. ஒரு நாள்கூட யாரையும் விட்டதில்லை. சட்டப்படி உங்க முடிவு அத்தனையும் செல்லும்.” தாளின் மேல் விரலை வைத்தார். “இது என்னத்தை அளக்குதுன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?”

“நான் காது கொடுத்துக் கேக்கேனான்னு...”

“காது இல்ல. ஒருத்தர் பேசறதுக்கு முன்னால உங்க மனசு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும் இல்லையா? அவங்க பேசி முடிச்சப்போ அந்தச் சாய்வு எவ்வளவு மாறிச்சுன்னு பாக்குது. என்ன வார்த்தை பேசினாங்கன்னு பதியாது, சட்டம் அதுக்கு விடல. யார், எத்தனை விநாடி, உங்க மனசு எவ்வளவு அசைஞ்சுது. இது மூணுதான்.”

“நான் ஒத்துக்கலேன்னா அசையாதுல்லா மேடம்?”

“ஒத்துக்காட்டியும் அசையும். கோவம் வந்தா அசையும். ‘இவன் என்ன கிறுக்கன் மாதிரி பேசறான்’னு நினைச்சாலும் அசையும். நூத்துக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு, பாருங்க” என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

சுடலைமணி, ஐம்பத்தெட்டு. மைதீன், பதினொன்று. ரொசாரி, ஏழு. ஜெனிட்டா, பூஜ்யம் புள்ளி மூன்று.

ஒரு தடவை பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். “மேடம், இதுல எங்ஙனயோ கோளாறு. அவளைத்தான் நான் மொதல்லயே கேப்பேன். தினமும். யாரை வேணா விசாரிங்க.”

“மெஷினோட பிழையே புள்ளி அஞ்சு வரைக்கும் போகும். அதுக்கும் கீழ இருக்கு இது.” அவர் மேலே பார்த்தார். “இந்த ஃபேன் ஓடுற சத்தத்துக்கு உங்க மனசு எவ்வளவு அசையுமோ, அவ்வளவு.”

என் காது ரெண்டும் சுட்டது. எங்காவது ஓடிப்போய் மூஞ்சியைக் கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது.

“இன்னொண்ணு” என்றார் தில்லைநாயகி. “ஜெனிட்டா வழக்கமா நாலு விநாடிக்கு மேல பேசறதில்ல. அந்த வியாழக்கிழமை மட்டும் நாப்பத்தொரு விநாடி பேசியிருக்காங்க. என்ன பேசினாங்க?”

யோசித்தேன். அந்தக் காலை அப்படியே கண்முன் வந்தது. ஃபிளாஸ்க் மூடி இறுகிப்போயிருந்தது. காற்றில் டீ சிதறி ரொசாரியின் மணிக்கட்டில் விழுந்தது, அவன் உதறினான். பேப்பர் கப் ஒன்று பறந்தது, எட்டிப் பிடித்தேன். ஜெனிட்டாவின் வாய் அசைந்தது. நான் “சரி தாயி, நல்லது” என்றேன். கப்பைக்கூடப் பிடித்தவனுக்கு அவள் சொன்னதில் ஒரு சொல் ஞாபகத்தில் இல்லை. முதலில் அவளைக் கேட்டேன், ஆமாம். டீ ஊற்றுகிற நேரத்தில் கேட்டேன். நூற்றுப் பதினாலு நாளும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

“தெரியல மேடம்” என்றேன்.

“இந்தத் தாளை வச்சு அவங்க எச்சரிச்சாங்கன்னு நான் எழுத முடியாது. வீட்டு விஷயம் பேசினாங்கன்னு கம்பெனி வக்கீல் சொல்லுவார். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்தா பாருங்க.”

திரேஸ்புரத்தில் ஜெனிட்டாவின் வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் குழாயடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “உள்ள நாற்காலி கெடக்கு, உக்காருங்க அண்ணாச்சி” என்றாள். நான் உட்காராமல் நின்றேன்.

“தாயி, அன்னைக்கு நீ என்ன சொன்னன்னு ஒருக்காச் சொல்லு. நான் போய் அப்படியே எழுதிக் குடுத்திருதேன். உன் உரிமம் தப்பிச்சிரும்.”

“நான் சொல்லித் தந்து நீங்க ஒப்பிக்கணுமா? அதுக்குப் பேரு சாட்சியா? நாளைக்கு வக்கீல் ஒரு கேள்வி கேட்டா முழிப்பீங்க. அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து ஜோடிச்சதா ஆகும்.”

“அப்ப அன்னைக்கே நீ வேலைய மறிச்சிருக்கலாம்லா? பாதுகாப்புப் பொறுப்பு உன்னுதுதான?” இப்படிக் கேட்டது நான்தான். நாக்கு கூசவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எப்படி அண்ணாச்சி மறிக்க? எல்லாரையும் கேட்டு, எல்லாரும் தலையாட்டி, நீங்க முடிவு சொன்னப்புறம் ஒருத்தி மட்டும் குறுக்க விழுந்தா அவளுக்கு என்ன பேரு வைப்பாங்க? நீங்க யாரையும் கேக்காத ஃபோர்மேனா இருந்திருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். கேக்குத ஆளுகிட்ட எப்படிச் சண்டை போட?”

குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, “சுடலையண்ணன் ஆஸ்பத்திரியில மைதீன் பக்கத்துல இருக்காவ. என்கிட்ட வந்ததுக்கு அவுககிட்டப் போய்க் கேளுங்க” என்றாள். வெளியே வரும்போது அவள் சின்ன மகள் வாசலில் நின்று என்னை உற்றுப் பார்த்தது. அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மைதீன் கண் திறந்து நாலு நாள் ஆகியிருந்தது. விசாரணைக்காரர்களை டாக்டர் இன்னும் அவனிடம் விடவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுடலைமணி அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். போர்வை வலது பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அங்கேயே பார்த்தேன்.

“மைதீனு, அன்னைக்குச் சுத்துல ஜெனிட்டா என்னப்பா சொன்னா?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, உங்ககிட்டத்தான சொன்னாங்க? லிஃப்ட் எறங்கும்போது ஒரு இழுப்பு இழுத்து விடுது, கருகின வாடை வருது, பிரேக்கைப் பாக்காம ஆளை ஏத்தாதீங்க, இன்னைக்கு ஏணியிலயே ஏறி எறங்கட்டும்னு சொன்னாங்க.”

“நீ கேட்டியா?”

“பக்கத்துலதான நின்னேன்.”

“கேட்டுட்டு ஏம்ல லிஃப்டுல ஏறின?” கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

மைதீனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் எனக்கு விளங்கவைக்கப் பார்த்தான். “நீங்க கேட்டுட்டு, ‘சரி தாயி, நல்லது’ன்னீங்க. அப்புறம் எல்லாரையும் கேட்டுட்டு, ‘ஏறலாம்’னீங்க. அக்கா சொன்னதையும் யோசிச்சுத்தான அண்ணாச்சி சொல்லுதாரு, பிரேக்கை முன்னாடியே பாத்துருப்பாருன்னு நினைச்சேன். நீங்க கேக்காம சொல்லியிருந்தா நான் ஏணியிலதான் போயிருப்பேன்.”

சுடலைமணி ஸ்டூலை நகர்த்திப் போட்டான். உட்கார்ந்தேன்.

“ஏல சுடலை” என்றேன், “நீ மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா இது நடந்திருக்காது. நீ சொல்லுததை நான் தட்டுனதே இல்ல. மெஷினே சொல்லுது, அம்பத்தெட்டாம்.”

அவன் உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தான். பிறகு அதையே எடுத்து வேறு இடத்தில் வைத்தான். “அண்ணாச்சி, அது எனக்கு உள்ளது இல்ல.”

“எது?”

“அந்த அம்பத்தெட்டு. மூணு வருசத்துக்கு முன்னாடி நாலாம் நம்பர் கோபுரத்துல போல்ட்டு தளர்ந்திருக்குன்னு ஜெனிட்டா சுத்துல சொன்னா. நீங்க ‘நல்லது தாயி’ன்னுட்டு விட்டுட்டீங்க. என் முறை வந்தப்போ, அவ சொன்னதுதான் சரின்னு நானும் அதையே சொன்னேன். நீங்க என் முதுகுல தட்டி, ‘பாத்தியாலே, இதான் அனுபவம்’னீங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அதுக்குப் பொறவு அவ ஒரு வழி பண்ணிக்கிட்டா. பஸ்ஸை விட்டு எறங்கி ஜெட்டிக்கு நடந்து வாரப்போ எங்கிட்டச் சொல்லிருவா. ‘நீங்க சொல்லுங்கண்ணே, நீங்க சொன்னாத்தான் அண்ணாச்சிக்கு ஏறும்’பா. நான் சொல்லுவேன். அவ சுத்துல ‘ஒண்ணுமில்ல அண்ணாச்சி’ன்னு முடிச்சிருவா.”

“மூணு வருசமாவால?”

“மூணு வருசமா. எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க தட்டிக் குடுக்கது நல்லாவும் இருந்துச்சு. அதான் வாயை மூடிக்கிட்டேன்.” அவன் என்னைப் பார்க்கவில்லை, மைதீனின் போர்வையைப் பார்த்தான். “அன்னைக்குக் காலையிலயும் ஆறு மணிக்குப் போன் பண்ணினா. லிஃப்ட் விஷயத்தை அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்கண்ணே, நான் சொன்னா நிக்காதுன்னா. சரின்னேன். வளைகாப்புக்கு ஆளு வர ஆரம்பிச்சிட்டு. பந்தல்காரன் ஒரு பக்கம், சம்பந்தி வீடு ஒரு பக்கம். மறந்துபோயிட்டேன் அண்ணாச்சி.”

மைதீனுக்கு இது புதுச் செய்தி இல்லை போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டான். கிழவன் ஒருத்தன், நடுவயசுக்காரன் ஒருத்தன், இரண்டு பேரும் அந்தப் பையனின் கட்டிலடியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளே மூன்று பேரும் புது வாக்குமூலம் கொடுத்தோம். சுடலைமணி தன் போனில் இருந்த ஆறு மணி அழைப்பைக் காட்டினான். மைதீன் சொன்னதை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே போய் எழுதிக்கொண்டார். நான் எழுதினது நாலு வரி: ‘ஜெனிட்டா எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. முதலில் எழுதிக் கொடுத்தது தவறு. அதற்கு நான்தான் பொறுப்பு.’ அதை எழுதிய பிறகு மனது லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டால்தான் ஆறும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அந்த மன்னிப்பைத்தான் தயார் பண்ணினேன். எழுதினேன், அடித்தேன், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்தில் கையைக் கூப்ப வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை துறைமுக அலுவலகத்துக் கூட்ட அறையில் இருபது பேர் போல இருந்தார்கள். மற்ற குழுக்களின் ஃபோர்மேன்கள், கம்பெனி ஆட்கள், வக்கீல். என்னிடம் பாடம் கேட்டவர்கள் பாதிப் பேர். தில்லைநாயகி அம்மா முடிவை வாசித்தார். ஜெனிட்டா எச்சரித்தது உண்மை; இடைநீக்கம் ரத்து; உரிமம் இன்றே திருப்பித் தரப்படும். வேதமுத்து ஐந்து வருடத்துக்கு எந்தக் குழுவுக்கும் தலைமை ஏற்கக் கூடாது. சரிதான் என்று தலையை ஆட்டினேன். அவள் வேலை தப்பித்தது என்று நெஞ்சில் ஒரு ஆறுதல் வந்தது. அடுத்து என் முறை என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஜெனிட்டா, நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று அதிகாரி கேட்டார்.

அவள் எழுந்து பேசினாள். பேசியது இது. சுடலைமணியிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

“மேடம், உரிமம் இருக்கட்டும், அதை அப்புறம் வாங்கிக்கிடுதேன். பதினேழாம் கோபுரத்துல உடைஞ்ச அதே பிரேக் கட்டை, அதே பெட்டியில வந்தது, ஒன்பதுலயும் இருபத்திரெண்டுலயும் மாட்டியிருக்காங்க. ஸ்டோர்ல வேலை பாக்குத பிள்ளை நேத்து சாயங்காலம்தான் பெட்டி நம்பரைப் பாத்துச் சொன்னா. காலையில கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். இடைநீக்கத்துல இருக்கவ சொல்லுததை எடுக்க முடியாது, விசாரணையில போய்ச் சொல்லுன்னுட்டாங்க. இப்ப மணி பதினொண்ணே முக்கால். ரெண்டுலயும் ஆளு ஏறியிருக்கு. பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு லிஃப்டுல எறங்குவாங்க. தயவு செஞ்சு இப்பவே நிறுத்தச் சொல்லுங்க.”

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர்கூட இருந்தது. ‘தாயி’ என்று ஆரம்பிப்பதா, ‘அம்மா ஜெனிட்டா’ என்று ஆரம்பிப்பதா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அவள் பேசி நிறுத்தியதும் தில்லைநாயகி அம்மா போனை எடுத்துக்கொண்டு விடுவிடு என்று வராந்தாவுக்குப் போனார். பெண்மனசு, தாங்காமல் போகிறார் என்று நினைத்தேன். ஃபோர்மேன்கள் ரெண்டு பேர் எழுந்து அவர் பின்னால் ஓடினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“தாயி” என்றேன். “இந்தப் பாவி மூணு வருசமா...”

“அண்ணாச்சி, உக்காருங்க” என்றாள் ஜெனிட்டா. அவள் பார்வை வராந்தாவில் இருந்தது.

“இல்ல தாயி, நான் சொல்லியே ஆகணும். நீ பேசப் பேச எனக்கு நெஞ்சு...” குரல் தானாகவே உடைந்தது. கையைக் கூப்பினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்பட்டு, அது சரிதானா என்று பார்ப்பது போல.

“நான் இப்ப என்ன சொன்னேன் அண்ணாச்சி?”

அறையில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். பதில் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

“என்னை மன்னிச்சிட்டதாச் சொன்ன தாயி” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வராந்தாவிலிருந்து அதிகாரியின் குரல், முதல் தடவையாக உயர்ந்து கேட்டது. “ஒன்பதுல எத்தனை பேரு? இருபத்திரெண்டுல? ஏழு பேரையும் ஏணியில இறங்கச் சொல்லுங்க. லிஃப்டுல யாரும் கையே வைக்கக் கூடாது. இப்ப, இப்பவே!”

சுடலைமணி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். கூப்பிய கையை எப்போது பிரித்தேன் என்று தெரியவில்லை. ஜெனிட்டா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வராந்தாப் பக்கம் திரும்பி நின்று, ஏழு பேரும் இறங்கிவிட்டார்களா என்ற செய்திக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.